ஒரு கேக், ஒரு ரோல், நான்கு குவில்ட்: பிரெஞ்சு ஜெனரல் ப்ரீகட் துணிக்கட்டுகள் எப்படி?

துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதற்கென்று முன்பே அளவாக வெட்டி விற்கும் துணிக்கட்டு ப்ரீகட். அமெரிக்கத் துணி நிறுவனமான மோடாவின் ‘லேயர் கேக்’ என்ற கட்டுக்குள் 10 இன்ச் சதுரங்கள் 42 இருக்கும். ஜெல்லி ரோலில் இரண்டரை இன்ச் அகல நாடாக்கள் 40, ஒவ்வொன்றும் துணியின் முழுப் பன்னாவுக்கு, அதாவது அகலத்துக்கு, நீளம். கரையைக் கழித்துப் பன்னாவை 42 இன்ச் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே 4,200 சதுர இன்ச்தான். கஜக் கணக்கில் இரண்டே முக்காலுக்குச் சற்று மேல். பெரும்பாலான கடைகளில் விலையும் ஏறக்குறைய ஒன்றே. துணியும் ஒன்று, விலையும் ஒன்று என்றால் எதை வாங்கினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். கேக்கிலிருந்து நாடா வெட்டலாம், சின்னச் சதுரம் வெட்டலாம், முக்கோணம் வெட்டலாம். ரோலை இரண்டரை இன்ச்சுக்கு மேல் எதுவாகவும் ஆக்க முடியாது.

ஒரே துணி வரிசையிலிருந்து ஒன்றுக்கொன்று சாயல் இல்லாத பல குவில்ட்கள் தைக்க நினைப்பவர்களுக்காக இந்த மதிப்புரை. எடுத்துக்கொண்டது மோடாவுக்காகக் காரி மெங் தொடர்ந்து வடிவமைத்துவரும் ‘பிரெஞ்சு ஜெனரல்’ வரிசைகள். வெளிறிய சிவப்பு, சிப்பி வெள்ளை, கல் நிறம், நீலம் என்று நிறங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஒரு வரிசையில் பெரிய பூக்கொடி ஒன்றிரண்டு, நடுத்தரப் பூ, கோடு, பொடிப்பூ, தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றுத்துணி போலத் தெரியும் மெல்லிய அச்சு என எல்லா அளவிலும் இருக்கும். பழைய பிரெஞ்சு அச்சுத்துணிகளைப் பார்த்து வரைந்தவை இவை. அந்தப் பழைய துணிகளே நம் சோழமண்டலக் கரையில் சாயவேர் போட்டுச் சிவப்பேற்றிய பூத்துணிகளைப் பார்த்துப் போட்டவைதான். 1686 முதல் 1759 வரை பிரான்ஸ் அரசு தடைபோட்டும் மக்கள் விடாமல் கட்டிக்கொண்ட துணி அது. கட்டைப் பிரித்ததும் பாட்டி காலத்துப் பெட்டி நினைவுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வரிசையின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: எல்லாம் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தைத்தாலும் நிறம் அடித்துக்கொள்ளாது. அதனாலேயே எதுவும் எடுப்பாகவும் தெரியாது. பெரும்பாலான துணிகள் நடுத்தர அழுத்தத்தில் இருப்பதால், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பிளாக் (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரம்) எது, இடைவெளி எது என்று புரியாமல் எல்லாம் ஒரே திரைச்சீலை போலக் கிடக்கும். இதே வரிசையில் நான்கு குவில்ட் தைத்துவிட்டு ‘நான்கும் ஒன்று போலவே இருக்கிறதே’ என்று சொல்பவர்கள் பிளாக்கை மட்டும் மாற்றியிருப்பார்கள். மாற்ற வேண்டியது பின்னணித் துணியை. அதைத் துணி வரிசைக்குள் தேடக் கூடாது. வெளியே வெற்றுத்துணியில்தான் எடுக்க வேண்டும். மோடாவின் பெல்லா சாலிட்ஸ், ராபர்ட் காஃப்மனின் கோனா காட்டன் இரண்டுமே வருடக்கணக்கில் நிறம் மாறாமல் கிடைப்பவை. பிரெஞ்சு ஜெனரல் பெயரிலேயே பொருத்தமான வெற்றுத்துணிகளும் உண்டு.

வெட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. எல்லாத் துணியையும் தரையில் பரப்பிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். அழுத்தம், நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று குவியல் போடுங்கள். சிவப்பும் நீலமும் கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும், அந்தப் படத்தில் ஒரே சாம்பலாக வந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோலம் காட்ட முடியாது. கீழே சொல்லும் பங்கீடு எல்லாம் இந்தக் குவியலை வைத்துத்தான்.

கேக்கிலிருந்து இரண்டு

42 சதுரங்களில் அழுத்தமான சிவப்பும் நீலமுமாக 18 சதுரங்களைத் தனியே எடுங்கள். இவற்றோடு சேர்க்க சிப்பி வெள்ளை வெற்றுத்துணியில் 10 இன்ச் சதுரங்கள் 18 வேண்டும். ஒரு பன்னாவுக்கு நான்கு வரும் என்பதால் ஐந்து வரிசை வெட்ட 50 இன்ச், அதாவது ஒன்றரை கஜம். பைண்டிங்கும் (குவில்ட்டின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டி) அதிலேயே என்றால் 2 கஜம். ஒரு அச்சுச் சதுரம், ஒரு வெள்ளைச் சதுரம், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வையுங்கள். வெள்ளையின் பின்புறம் இரண்டு மூலைவிட்டங்களும் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தையுங்கள். பிறகு நடுவில் நேராகவும் குறுக்காகவும் 5 இன்ச்சில் வெட்டி, கடைசியில் மூலைவிட்டக் கோடுகளில் வெட்டினால் எட்டு முக்கோணச் சதுரங்கள், அதாவது பாதி அச்சு முக்கோணமும் பாதி வெள்ளை முக்கோணமுமான சதுரங்கள். 18 ஜோடிக்கு 144. ஒவ்வொன்றையும் நாலரை இன்ச்சுக்குச் சீவினால், தைத்தபின் 4 இன்ச் நிற்கும். 12க்கு 12 அடுக்கினால் 48க்கு 48 இன்ச், சோபாவில் போர்த்திக்கொள்ளும் அளவு.

இதில் தவறுவது எங்கே? வெட்டி முடித்ததும் கிடைக்கும் சதுரம் கணக்குப்படி 4 5/8 இன்ச். தேவை நாலரை. சீவுவதற்கு மிச்சம் அரைக்கால் இன்ச்தான். கால் இன்ச்சுக்குப் பதில் கொஞ்சம் தாராளமாகத் தைத்தாலோ, வெட்டும்போது துணி நகர்ந்தாலோ நாலரை வராது. அதனால் முதல் ஜோடியைத் தைத்து, இஸ்திரி போட்டு, அளந்து பார்க்காமல் மற்ற 17 ஜோடிக்கும் போகாதீர்கள். இஸ்திரியைத் தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். தையல் மூலைவிட்டத்தில், கிராஸில் (இழைக்குச் சாய்வாக, இழுத்தால் நீளும் திசையில்) ஓடுவதால் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். இரண்டு சதுரங்களின் நான்கு ஓரங்களையும் சுற்றித் தைத்து மூலைவிட்டத்தில் வெட்டும் ஒரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. கிடைப்பது நான்கே, அவற்றின் வெளி ஓரம் முழுக்க கிராஸ். 144 சதுரங்களை அப்படிச் சேர்த்தால் மேல்துணி அலை அலையாக நிற்கும். வேண்டாம்.

மிச்சம் 24 சதுரங்கள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 5 இன்ச் சதுரம் 96. மோடா இதையே சார்ம் பேக் என்று 42 சதுரங்களாகத் தனியே விற்கிறது. துணியளவில் அது கேக்கில் சரியாகக் கால் பங்கு. கேக் கையில் இருப்பவர் சார்ம் பேக்கும் வாங்குவது இரட்டைச் செலவு.

இந்தச் சதுரங்களில் ஒன்பதை 3க்கு 3 தைத்து, அந்த பிளாக்கை நடுவில் குறுக்கும் நெடுக்கும் வெட்டித் திருப்பி அடுக்குவது பழகிய உத்தி. 81 சதுரங்கள் போனால் ஒன்பது பிளாக், வெட்டியபின் 36 துண்டு, ஒவ்வொன்றும் தைத்து முடிந்ததும் ஆறரை இன்ச். 6க்கு 6 வைத்தால் 39க்கு 39 இன்ச், குழந்தைக் குவில்ட். பின்னணித் துணியே வேண்டாம். எந்தச் சதுரம் எங்கே என்பதில்தான் விஷயம். நடுச்சதுரம் நான்காக உடைந்து 2 இன்ச் புள்ளியாகும். பக்கச் சதுரங்கள் பாதியாகும். மூலைச் சதுரங்கள் மட்டுமே முழுசாக நிற்கும். ஆகவே பெரிய பூக்கொடி மூலைக்கு, பொடிப்பூவும் கோடும் பக்கத்துக்கு, ஒன்பது நடுவுக்கும் ஒரே அழுத்தத்தில் இருக்கும் சிவப்பு. மூலைக்கு ஒன்பது, பக்கத்துக்கு ஒன்பது, நடுவுக்கு மூன்று என்று 10 இன்ச் சதுரங்களை எண்ணி ஒதுக்கிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். பெரிய பூவை நடுவில் வைத்தவர்களின் குவில்ட்டில் பூவும் தெரியாது, புள்ளியும் தெரியாது.

தைத்த பிளாக் 14 இன்ச் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளி ஓரத்திலிருந்து 7 இன்ச் அளந்து வெட்டாதீர்கள். நடுச்சதுரத்தின் தையலில் ரூலரின் இரண்டேகால் கோட்டை வைத்து வெட்டுங்கள். புள்ளிகள் நான்கும் ஒரே அளவில் வர அது ஒன்றே வழி.

கடைசியில் 15 சின்னச் சதுரங்கள் எஞ்சும். வெள்ளையில் ஒன்று வெட்டிச் சேர்த்தால் 16, அது 18 இன்ச் மெத்தைத் தலையணைக்கு ஒரு முகம்.

ரோல்: பாதியே போதும்

ஜெல்லி ரோல் வாங்கியவர்கள் முதலில் தைத்துப் பார்ப்பது 40 நாடாக்களையும் முனைக்கு முனை சேர்த்து, பாதி பாதியாக மடித்துத் தைக்கும் ‘ரேஸ்’ குவில்ட். 42 இன்ச் வீதம் 40 நாடா 1,680 இன்ச். இணைப்புகளில் ஏறக்குறைய 20 இன்ச் போகும், இணைப்புகள் வரிசைகட்டி நிற்காமலிருக்க முதல் நாடாவில் 18 இன்ச் வெட்டி எறிய வேண்டும். ஐந்து முறை மடித்துத் தைத்தால் 32 வரிசை, சுமார் 51க்கு 64 இன்ச். வேகமாக முடியும், உண்மைதான். ஆனால் எந்தத் துணி எதன் பக்கத்தில் விழும் என்பது நம் கையில் இல்லை. பிரெஞ்சு ஜெனரல் மாதிரி நடுத்தர நிறங்கள் மிகுந்த வரிசையில் அது வெறும் கலங்கலாக முடியும். நல்ல ரோலுக்கு இது கேடு.

அதே ரோலில் பாதியை வைத்துக் கட்டில் குவில்ட் தைக்கலாம். வெளிச்சக் குவியலிலிருந்து வெள்ளை, கல் நிறம், வெளிறிய ரோஜா நாடாக்கள் 20. கூட அடர்நீல வெற்றுத்துணி நாடாக்கள் 20. நீலம், அச்சு, நீலம், அச்சு என நான்கு நான்காகத் தைத்தால் பத்துப் பட்டை. ஒவ்வொன்றையும் இரண்டரை இன்ச்சுக்கு 16 துண்டாக நறுக்கி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி நான்கு நான்காகச் சேர்த்தால் 8 இன்ச் சதுரங்கப் பலகை பிளாக்குகள் 40. துண்டுகளை வெவ்வேறு பட்டைகளிலிருந்து எடுத்தால்தான் ஒரு பிளாக்கில் பல அச்சுகள் வரும். இவற்றுக்கு நடுவே நீலத்தில் எட்டரை இன்ச் வெற்றுச் சதுரங்கள் 40. ஒன்றுவிட்டு ஒன்றாக 8க்கு 10 அடுக்கினால் 64க்கு 80 இன்ச். நாடாவுக்கு 50, சதுரத்துக்கு 85, பைண்டிங்குக்கு 20 என நீலத்துணி 155 இன்ச் ஆகும். நாலரை கஜம் வாங்குங்கள். வெள்ளைப் பின்னணியில் தைத்த முக்கோணக் குவில்ட்டையும் இதையும் பக்கத்தில் வைத்தால், ஒரே துணி வரிசை என்று சொன்னால்தான் தெரியும்.

கணக்கு இங்கே இறுக்கமானது. 16 துண்டுக்கு 40 இன்ச் முழுசாக வேண்டும். பட்டையின் முனையை நேராக்கும்போது ஓர் இன்ச்சுக்கு மேல் வீணடித்தால் கடைசித் துண்டு கிடைக்காது. அதைவிடப் பெரிய தொல்லை தையல் அளவு. ஒவ்வொரு பக்கமும் வீசம், அதாவது 1/16 இன்ச், அதிகம் பிடித்தால் ஒரு தையலுக்கு அரைக்கால் இன்ச் போகும். நான்கு நாடாப் பட்டையில் மூன்று தையல், எட்டரைக்குப் பதில் 8 1/8 இன்ச் நிற்கும். பக்கத்தில் வரும் வெற்றுச் சதுரமோ சரியாக எட்டரை. இழுத்துப் பிடித்துத் தைத்தால் வெற்றுச் சதுரம் பை போலத் தொங்கும். சோதனை எளிது: மூன்று நாடாவைத் தைத்து அழுத்தி அளந்தால் மொத்தம் ஆறரை, நடு நாடா சரியாக 2 இன்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியின் நிலையை மாற்றிவிட்டு மறுபடி தைத்துப் பாருங்கள்.

நீள நாடாக்களை எப்போதும் ஒரே திசையில் தைத்தால் பட்டை வாழைப்பழம் மாதிரி வளையும். ஒரு தையலை மேலிருந்து தொடங்கினால் அடுத்ததைக் கீழிருந்து தொடங்குங்கள்.

மிச்சமிருக்கும் 20 நாடாக்களில் 18 போதும் நான்காவதற்கு. அடர்நீலம், சிவப்பு, கல் நிறம் என்று அழுத்தத்தின் இறங்குவரிசையில் மூன்று மூன்றாகச் சேர்த்த ஆறு பட்டை. ஆறரை இன்ச்சுக்கு வெட்டினால் பட்டைக்கு ஆறு, மொத்தம் 36 பிளாக். ஒன்றை நேராக, ஒன்றைக் குறுக்காக வைத்தால் படிக்கட்டு ஓடும், 36க்கு 36 இன்ச். கட்டில் குவில்ட்டுக்கு நீல நாடாக்கள் உதவாது, பின்னணியில் கரைந்துவிடும். அவை இங்கே வந்து சேர்வது வசதி.

கட்டின் குறைகள்

ப்ரீகட் ஓரங்கள் பெரும்பாலும் பல் பல்லாக வெட்டியவை. நூல் பிரியாமல் இருக்க அந்தப் பல் வேண்டும், ஆனால் பிரிக்கும்போது பஞ்சுத்தூள் கொட்டும். பிரிப்பதற்கு முன்பே ரோலின் இரு முகத்தையும் ஒட்டும் உருளையால் ஒற்றி எடுங்கள். பல்லின் முனையிலிருந்து முனைக்குத்தான் இரண்டரை இன்ச் என்பது பொது வழக்கம். ஆயினும் புதிய கட்டைத் திறந்ததும் ரூலரை வைத்துப் பார்ப்பது நல்லது. உள்பள்ளத்தை மெஷின் பாதத்துக்கு வழிகாட்டியாக வைத்தால் ஒவ்வொரு தையலும் தவறும்.

சில நாடாக்கள் மடிப்பு விழுந்த இடத்தில் லேசாக ‘வி’ போல வளைந்திருக்கும், துணியை மடித்து வெட்டும்போது மடிப்பு நேராக இல்லாததன் விளைவு. 16 துண்டாக நறுக்கும் குவில்ட்டில் இது மறைந்துவிடும். முழு நீளத்துக்கு ஓடும் ரேஸ் குவில்ட்டில் மறையாது.

ஒரு வரிசையில் அச்சுகள் பெரும்பாலும் 30 முதல் 40 வரை. ஒரு கட்டுக்கு 42 சதுரம் என்றால் சில அச்சுகள் இரண்டு முறை வரும். இது குறையென்று பலர் புலம்புவதுண்டு, முக்கோணக் குவில்ட்டுக்கு அது நன்மையே. உண்மையான குறை நாடாவில் இருக்கிறது. பெரிய பூக்கொடியை இரண்டரை இன்ச்சுக்கு வெட்டினால் தலையும் வாலும் இல்லாத இலைகள்தான் மிஞ்சும். இந்த வரிசையின் அழகே அந்தப் பூக்கொடி என்பதால் ரோல் மட்டும் வாங்குபவர் பாதியை இழக்கிறார்.

ப்ரீகட்டைத் தைக்குமுன் துவைக்கக் கூடாது, நூல் சிக்கி அளவு சுருங்கும். அப்படியென்றால் பின்னணித் துணியையும் துவைக்காமலேதான் தைக்க வேண்டும். ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காத துணிகளைச் சேர்த்தால் முதல் சலவையில் தையல் இழுக்கும். இந்த நிறங்களில் பயம் சாயம்தான். சிவப்பும் அடர்நீலமும் எந்தக் கம்பெனியானாலும் சாயம் விடலாம். வெட்டி எறியும் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை விட்டால், குறிப்பாக நீலப் பின்னணியில் வெள்ளை அச்சு வரும் குவில்ட்டுக்கு, வேறு நீலம் தேடுங்கள். முதல் சலவைக்குக் குளிர்ந்த தண்ணீர், சாயம் பிடிக்கும் தாள் இரண்டு மூன்று. கறை தெரிந்தால் கறை போகும்வரை உலர்த்தியில் போடாதீர்கள், சூட்டில் சாயம் பதிந்துவிடும்.

அடித்துணியும் பேட்டிங்கும்

பேட்டிங் என்றால் இங்கே நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, சேப்பாக்கத்துச் சமாச்சாரம் அல்ல. வார்ம் அண்ட் நேச்சுரல் போன்ற பருத்தி விரிப்பில் தையலுக்குத் தையல் 10 இன்ச் வரை இடைவெளி விடலாம். கட்டில் குவில்ட்டின் 8 இன்ச் வெற்றுச் சதுரங்களுக்கு அது வசதி, மூலைக்கு மூலை வாக்கிங் ஃபுட்டில் (துணியடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம்) ஒரு கோடு ஓட்டினாலே போதும்.

அடித்துணி சுற்றிலும் 4 இன்ச் அதிகம் வேண்டும். 39 இன்ச் குழந்தைக் குவில்ட்டுக்கு 47 இன்ச் என்றாகும், 42 இன்ச் பன்னா ஐந்து இன்ச்சில் கைவிடும். இரண்டாவது துண்டு வாங்காமல், ரோலில் மிஞ்சிய இரண்டு நாடாவோடு நீலத் துண்டுகளையும் சேர்த்து நடுவில் ஒரு பட்டையாகக் கொடுத்தால் போதும். 36 இன்ச் படிக்கட்டுக் குவில்ட்டை வீட்டு மெஷினில் தைப்பதென்றால் 3 இன்ச் விளிம்பே போதும், ஒன்றேகால் கஜத்தில் முடிந்தது. 48 இன்ச்சுக்கு மூன்றேகால் கஜம். கட்டிலுக்குச் சாதாரணப் பன்னாவில் 5 கஜம், 108 இன்ச் பன்னாவில் இரண்டேகால் கஜம். பெரிய பன்னாவில் நடுத்தையலும் இல்லை.

என்ன வாங்குவது

ஒரே கட்டு என்றால் லேயர் கேக். இரண்டு என்றால் கேக்கும் ரோலும், மேலே சொன்ன நான்கும் அதில் அடங்கும். இரண்டரை இன்ச் சதுரங்கள் 42 கொண்ட மினி சார்ம் விலைக்குப் பார்க்க அழகு, மொத்தத் துணி 262 சதுர இன்ச்தான். ஒரு மேசை விரிப்புக்குக்கூடக் கூடுதல் துணி வேண்டும். ராபர்ட் காஃப்மனின் ரோல்-அப், ரைலி பிளேக்கின் ரோலி போலி, ஸ்டேக்கர் எல்லாம் இதே அளவுகளின் வேறு பெயர்கள். ஜெல்லி ரோல் மோடாவின் வணிகப் பெயர். எண்ணிக்கை மட்டும் லேபிளில் பார்த்துவிடுங்கள். 20 நாடா, 24 நாடா கட்டுகளும் விற்பனையில் உண்டு, மேலே போட்ட கணக்கு அவற்றுக்கு ஒத்துவராது.

அச்சுத்துணி வரிசைகள் பெரும்பாலும் ஒரு முறை அச்சிட்டு, கடைகளில் தீர்ந்ததும் முடிந்துபோகும். வெற்றுத்துணியைப் பிறகு வாங்கலாம். பைண்டிங்குக்கோ அடித்துணிக்கோ அந்த வரிசையின் கோடுபோட்ட துணிதான் வேண்டும் என்றால் கட்டு வாங்கும் அன்றே அதையும் கஜத்தில் வெட்டி வாங்கிவிடுங்கள். 48 இன்ச் குவில்ட்டின் பைண்டிங்குக்கு ஆறு நாடா, அதாவது 15 இன்ச். அரை கஜம் கேட்டால் 3 இன்ச் மிஞ்சும்.